ஆறாவது பொருள்

செவ்வாய் மாலை ஏழு மணி.
கவுண்டி மன்றத்தின் இரண்டாம் மாடி.
ஐந்து நாற்காலி, ஐந்து ஒலிவாங்கி.
கடைசி ஒலிவாங்கி எப்போதும் கரகரக்கும்.
அதன் பின்னால் உட்காருபவரை
நாலு வருடத்துக்கு ஒருமுறை மக்கள் மாற்றலாம்;
ஒலிவாங்கியை மாற்ற நிதியில்லை.

நான் எழுத்தர்.
பதினாறு வருடமாக இவர்கள் பேசுவதைச்
சுருக்கிக்கொண்டிருக்கிறேன்.
ஒரு மணி நேரக் கோபத்துக்கு ஒன்றரை வரி.
பெருமூச்சுக்கு வரி கிடையாது.

இன்று ஆறாவது பொருள்:
பன்னிரண்டாம் சாலையில்
வில்லோ ஓடைமேல் கிடக்கும் மரப்பாலம்.
பழுது பார்ப்பதா, பூட்டுவதா.

பொறியாளர் டார்லீன் ஸ்கோக்லண்ட் படம் காட்டினார்.
தூணின் அடியில் ஒரு பேனாக்கத்தி
பிடிவரை இறங்கியிருந்தது.
"நான் அழுத்தவே இல்லை" என்றார்.
எழுதினேன்: தூண்கள் சேதமடைந்துள்ளன.

பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம்.
நேரம் பார்ப்பது முட்டை வேகவைக்கிற டைமர்,
என் வீட்டு அடுப்படியிலிருந்து கொண்டுவந்தது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்லா போஸ்பிசில் சொன்னார்:
சுற்றிப் போனால் பதினொரு மைல்,
பிள்ளைகள் இருட்டில் ஏறி இருட்டில் இறங்கும்.
தொப்பியைக் கழற்றாத ஒருவர் கேட்டார்:
ஏழு வீட்டுக்கு ஒரு பாலமா, என் வரியிலா?
அவர் சொன்னதிலும் பொய்யில்லை.
மூன்றாமவர் பாலத்தைத் தொடவே இல்லை.
பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசினார்,
டைமர் கிணுகிணுக்கும்வரை.
தடுக்க முடியாது. அந்த மூன்று நிமிடம் அவருடையது.

பழுது பார்க்கலாமென
முன்மொழிய ஒருவர்,
வழிமொழிய ஒருவர்.
ஒரு மொழியும் இல்லாமல்
வெளியே குளிரில் கிடந்தது பாலம்.

பெயர் சொல்லி அழைப்பது என் வேலை.
ப்ராண்ட்வோல்ட்: ஆம்.
டெட்டர்: இல்லை.
கார்ட்ரைட், பெயரை நான் முடிக்கும் முன்பே: இல்லை.
தலைவர் ஜோனெல் ஃபிக், கண்ணாடியைத் துடைத்தபடி: ஆம்.

ஹ்ருஷ்கா.

அவர் பண்ணை பாலத்துக்கு அப்பால்.
அந்தப் பலகைகளின் தடதடப்பை
நாளுக்கு இரண்டுமுறை சக்கரத்தடியில் கேட்பவர்.
தன் ஆதாயம் கலந்த பொருளில்
உறுப்பினர் வாக்களிக்கக் கூடாது என்பது விதி.
அதைக் கொண்டுவந்ததே அவர்தான்.
அப்போது பேச்சு வேறொருவரின் சரளைக்கல் குவாரியைப் பற்றி.
விலகுகிறேன், என்றார்.
ஒலிவாங்கி கரகரத்தது.
இன்னொருமுறை சொல்லச் சொன்னேன்.
சொன்னார்.

ஆம் இரண்டு. இல்லை இரண்டு.
கடைத் தராசில் முள் நேராக நின்றால் நியாயம்;
இங்கே அதற்குப் பெயர் தோல்வி.

யாரும் யாரையும் திட்டவில்லை.
வெர்லா மேல்கோட்டின் பொத்தான்களைப்
பொறுமையாகப் போட்டுக்கொண்டிருந்தார்,
தப்பாகப் போட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து.
ஏழாவது பொருள்: நாய் உரிமக் கட்டணம், ஐந்து டாலர் உயர்வு.
ஒருமனதாக நிறைவேறியது.
நாய்க்காரர் அதற்குள் போய்விட்டிருந்தார்.
எட்டு ஐம்பத்திரண்டுக்குக் கூட்டம் முடிந்தது.

விளக்கணைக்கப் போனால் ரேமண்ட் ஹ்ருஷ்கா
இன்னும் நாற்காலியில்.
"என்னை எப்படி எழுதியிருக்கிறாய்?"
காட்டினேன். ஹ்ருஷ்கா, விலகல்.
"பெயரில் பிழையில்லை" என்றார்,
"பாதிப் பேர் முதலெழுத்தை விழுங்கிவிடுவார்கள்."

வெள்ளிக்கிழமைதான் தடுப்புக்கட்டை வரும்.
அதுவரை பாலம் திறந்திருக்கிறது,
மூன்று டன்வரை தாங்குமென்று பலகை சொல்கிறது.
நிறுத்தத்தின் வாயிலில் அவர் வண்டி நின்றது.
இடது பக்கம் பாலம்.
வலது பக்கம் பதினொரு மைல்.

வலப்பக்க விளக்கு சிமிட்டியது.

எனக்கும் அந்த வழிதான்.
அவர் சிவப்பு விளக்குகளின் பின்னால்
நெடுந்தூரம் போனேன்,
முந்தாமல்.